நாளைய குழம்பு

நூல் மில்லுக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் குடியிருப்பின் எட்டாம் லைனில் பகல் தூக்கம் என்பது ஆண்களின் சொத்து. மூன்றாம் ஷிப்டு முடிந்து தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்ட வருகிறவர்கள் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சாய்ந்தால், அந்த வீட்டுப் பெண் பாத்திரத்தோடு பாத்திரம் உரசாமல், குழாயை முழுசாகத் திறக்காமல், நெடி கிளம்பாமல் மிளகாய் வறுத்து, வாசலில் விளையாடும் பிள்ளைகளைக் கண்ணாலேயே விரட்டி, கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு நடக்க வேண்டும். அப்படி நடந்தே சங்கரேஸ்வரிக்கு இருபது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அவள் வீட்டில் ஆண்கள் மூன்று பேர். புருஷன் குருவையாவுக்கும் மகன் அழகுராஜுக்கும் வேறு வேறு ஷிப்டு. மாமனார் சோலையப்பன் மில்லிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் பழக்கதோஷத்தில் மூன்று ஷிப்டுக்கும் சேர்த்துத் தூங்கினார். சங்கரேஸ்வரிக்கு ஒரு ஆசை இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை, சொல்லிக்கொள்ளும்படியான பெரிய ஆசையும் இல்லை. ஒரே ஒரு நாள் பகலில் படுத்துத் தூங்க வேண்டும், அவள் தூங்குகிறாள் என்பதற்காக யாராவது ஒருவர் கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைக்க வேண்டும்.

அந்த ஒரு நாளைச் சேர்க்கத்தான் அவள் நேரத்தை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தாள். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் தானாகக் கழன்று வருகிறது என்று கண்டுகொண்டாள். பூண்டை லேசாகச் சூடு காட்டி மூடி போட்ட டப்பாவில் குலுக்கினால் பல் வேறு தோல் வேறாகப் பிரிந்தது. பருப்பில் ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் சீக்கிரம் குழைகிறது, பால் காய்ச்சும் முன் பாத்திரத்தைத் தண்ணீர் விட்டு அலசினால் அடி பிடிப்பதில்லை, மேலே குறுக்காக ஒரு மரக்கரண்டியை வைத்தால் பொங்கி வழிவதில்லை, அவித்த முட்டையை மில் நூலை இழுத்துப் பிடித்து ஒரே அறுப்பில் நாலாக்கலாம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்துகொண்டு, தெரிந்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் லைன் முழுக்கச் சொல்லியும் கொடுத்தாள். அவளுக்கு டிப்ஸ் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் மட்டும் ஒருதரம், மிச்சம் பிடித்த நேரத்திலெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். சங்கரேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். மிச்சமான நேரத்தில் அவள் நாளைக்கு வேண்டிய புளியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அதுதான் நடந்தது. இன்றைய வேலை சீக்கிரம் முடிந்ததால் நாளைய காயை இன்றே அரிந்தாள், நாளைய காய் அரிந்து கிடந்ததால் நாளைய மசாலாவை இன்றே அரைத்தாள், மசாலா தயாராக இருந்ததால் நாளைய அரிசியைக் கல் பொறுக்கி, நாளைய தேங்காயைத் துருவி, நாளைய கீரையை ஆய்ந்து பேப்பரில் சுற்றி வைத்தாள். நாளைய வேலை முழுதும் இன்றைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, அடுப்பைப் பற்றவைப்பது ஒன்றுதான் நாளைக்கென்று பாக்கி நின்றது. அப்படியிருக்க ஒரு செவ்வாய்க்கிழமை காலை மில்லின் முதல் சங்கு ஊதுவதற்கு முன் அவள் அடுப்படிக்குப் போனபோது, கழுவி அடுப்பு மேல் வைத்திருந்த குழம்புச் சட்டியில் முருங்கைக்காய் சாம்பார் கொதித்து அடங்கி இருந்தது. பக்கத்துப் பானையில் சோறு. அடுப்பு சில்லென்று இருந்தது. கரண்டி நுனியால் தொட்டு நக்கிப் பார்த்தாள், உப்பு சரியாக இருந்தது, பெருங்காயம் அவள் போடுகிற அளவுக்குப் போட்டிருந்தது. அவளுடைய கைதான். நாளைக்கு வைப்பதற்காக அவள் நினைத்திருந்த சாம்பாரும் அதுதான். வேலை இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, தூக்குவாளியில் அடைத்து இருவரையும் அவரவர் ஷிப்டுக்கு அனுப்பினாள்.

அன்றே படுத்துத் தூங்கியிருப்பாள். செவ்வாய்க்கு அரிந்து வைத்த அவரைக்காய் வாடிப்போகுமே என்று அதைச் சமைத்தாள், அதைத் தின்று முடிப்பதற்குள் பொழுது போய்விட்டது. மறுநாள் காலை சட்டியில் வியாழக்கிழமைக் குழம்பு இருந்தது. வீட்டில் அதைத் தின்றார்கள். இனி அடுப்புப் பக்கம் போக வேண்டியதில்லை என்று பாயை எடுக்கப்போனவளுக்கு, முந்தின நாள் அரிந்து வைத்த முருங்கைக்காய் கண்ணில் பட்டது. அதைப் போட்டுச் சாம்பார் வைத்தாள். வைத்து மூடிவிட்டுக் கை கழுவி வந்து திறந்தால் சட்டி துடைத்ததுபோல் காலியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை தின்ற சாம்பார் இதுதான் என்பது அப்போது அவளுக்கு விளங்கியது. முதலில் தின்றுவிடுகிறார்கள், மறுநாள் அவள் சமைத்து முந்தின நாளுக்கு அனுப்புகிறாள். நாளொன்றுக்கு ஒரு சமையல், அதே ஊறல், அதே அரைப்பு, அதே தாளிப்பு. இத்தனை வருஷமாய் வெங்காயத்திலும் பூண்டிலும் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்ததில் சோறுதான் ஒரு நாள் முன்னால் போயிருந்தது, அவள் அதே இடத்தில்தான் நின்றாள். அன்று அவளுக்குச் சலிப்பாக இருந்தது. ஆனால் அழவில்லை.

பஞ்சவர்ணம் ஒரு டம்ளர் காப்பித்தூள் வாங்க வந்து இதைப் பார்த்தாள். மறுநாள் காப்பித்தூளைத் திருப்பித் தர வந்தும் பார்த்தாள். அப்புறம் கொடுக்க வாங்க ஒன்றும் இல்லாமலேயே வரத் தொடங்கினாள், அவள் பின்னால் லைனும் வந்தது. அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. மில்லில் ஒரு பக்கம் பஞ்சைப் போட்டால் மறுபக்கம் நூலாய் வருவதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பக்கம் இன்றைப் போட்டால் மறுபக்கம் நாளையாய் வருவதில் என்ன இருக்கிறது. இதனால் தங்களுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் யோசித்தார்கள். சட்டியில் மிளகு ரசம் இருந்தால் நாளைக்கு அந்த வீட்டில் யாருக்கோ காய்ச்சல், காய்ச்சல் ஒரு வீட்டோடு நிற்காது என்பதால் லைன் முழுக்க அன்றே வெந்நீர் வைத்துக் குடித்தது. சோறு வழக்கத்தைவிட அதிகம் வெந்திருந்தால் விருந்தாளி, அப்படியென்றால் குழாயடியில் நெருக்கடி, ஆகையால் தண்ணீரை முந்திப் பிடித்தார்கள். வார நாளில் கறிக்குழம்பு தெரிந்தால் நாளைக்கு மில் லீவு, அதற்குக் காரணம் கரண்டு போவதா மெஷின் நிற்பதா என்று ஆண்கள் டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். காய்கறி வண்டி இருளப்பன் சந்தைக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி, நாளைக்கு என்னக்கா என்று கேட்டுக்கொண்டு போய் அந்தக் காயை அளவாக வாங்கி வந்தான், அவன் வண்டியில் அழுகுவது நின்றது.

சட்டி சொன்னது எதுவும் மாறியதில்லை. குருவையாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது. ஒருநாள் காலை கத்தரிக்காய்ப் புளிக்குழம்பைப் பார்த்துவிட்டு, நாளைக்கு நான் வெண்டைக்காய் வாங்கி வருகிறேன், நீ எப்படி இதை வைக்கிறாய் என்று பார்த்துவிடுகிறேன் என்று சவால் விட்டு மறுநாள் சந்தைக்கே போனான். மழை பிடித்துக்கொண்டது, சந்தை கலைந்தது, நனைந்துகொண்டு நின்ற ஒரே கிழவியிடம் கத்தரிக்காய் மட்டும்தான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்து பேசாமல் அடுப்படியில் வைத்தான். அதற்குப் பிறகு லைனில் யாரும் சட்டியோடு மோதவில்லை. சோலையப்பனுக்குத்தான் இந்த ஏற்பாட்டில் அதிக சந்தோஷம். நாளைச் சோறு இன்றைக்கே வயிற்றுக்குள் இருப்பதால் எமன் இன்றைக்குத் தன்னைத் தொட முடியாது, தொட்டால் கணக்கு இடிக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அதை நம்பி இருமலைக்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஒரு வெள்ளிக்கிழமை காலை சங்கரேஸ்வரி மூடியைத் திறந்தாள், சட்டி காலியாக இருந்தது. சோற்றுப்பானையும் காலி. ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பருக்கைகூட இல்லை. பின்னால் நின்ற பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

சட்டி காலி என்றால் நாளைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாத வீடு என்றால் அது என்ன வீடு என்று அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அக்கம்பக்கத்தில் சோறு பொங்கிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சங்கரேஸ்வரி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அடுப்பு எரியாமல் இருந்தது மாமியார் இறந்த அன்றைக்கு மட்டும்தான். காய்ச்சல் வந்தபோதும் எரிந்தது, அழகுராஜ் பிறந்த அன்று காலையிலும் வலி வந்த இடைவெளியில் பருப்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதனால் அடுப்பு எரியாமல் இருக்க வேறு ஒரு காரணம் உண்டு என்று நினைக்க யாருக்கும் பழக்கமில்லை. சங்கு ஊதுவதற்குள் செய்தி லைனின் கடைசி வீடு வரைக்கும் போய்விட்டது, அந்த வார்த்தையை மட்டும் யாரும் சொல்லவில்லை.

எல்லாரும் சோலையப்பனைப் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி பார்த்தார்கள். பல வருஷமாகப் பேசாமல் இருந்த ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். யூனியன்காரர் வந்து பந்தலுக்கு இடம் போதுமா என்று வாசலைக் கண்ணால் அளந்துவிட்டு, சும்மா வந்தேன் என்றார். சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் ஆளுக்கொன்றாக வாங்கிவந்து நீட்டினார்கள், அவர் அல்வாவை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பினார். குருவையாவுக்கு ஒரு வருஷமாக இடது தோளில் ஒரு வலி. அவன் அதைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தான். அழகுராஜின் பைக் சாவியைச் சங்கரேஸ்வரி அரிசிப்பானைக்குள் போட்டு அமுக்கினாள். கிழவர் என்றால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், மற்ற இரண்டு பேரை நினைத்தால் கை ஓடவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை தின்ற மொச்சைக்குழம்பை யார் சமைப்பது, அதை அவள் வைத்து இறக்கி, மூடி, அது போய்ச் சேர்ந்ததும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மத்தியானத்துக்குள் லைன் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அடுப்பு எரியாததுதானே கேடு, அப்படியானால் எரிய வைத்துவிட வேண்டியதுதான். கத்தரிக்காய் விஷயத்தில் குருவையா தோற்றது ஒற்றை ஆளாய் மோதியதால், இப்போது லைனே சேர்ந்து நிற்கிறது. ஒருத்தி தீப்பெட்டிக் கட்டையே கொண்டுவந்து வைத்தாள். இன்னொருத்தி லைட்டர் கொடுத்தாள். யூனியன்காரர் தன் வீட்டிலிருந்து ஒரு அடுப்பைத் தூக்கிக்கொண்டு, கூடுதல் சிலிண்டரையும் உருட்டிக்கொண்டு வந்தார். பஞ்சவர்ணம் பழைய மண்ணெண்ணெய் அடுப்பைத் துடைத்து எண்ணெய் நிரப்பிக் கொடுத்து, மூணுல ஒண்ணு எரியாமலா போயிரும் என்றாள். மூன்று உயிரும் இப்போது சங்கரேஸ்வரியின் கையில் இருப்பதாக எல்லோரும் அவளிடம் சொன்னார்கள். முதல் சங்குக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும், அசந்து தூங்கிவிடக் கூடாது, இன்றைக்கு ராத்திரி தூங்காமலே இருந்தாலும் நல்லதுதான் என்றார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகு மாமனாருக்குக் காப்பி கொண்டுபோனாள். சோலையப்பன் கட்டிலில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அத்தனை பேரும் தன்னையே குறிவைத்துப் பார்த்ததில் அவருக்குக் கோபம் ஏறியிருந்தது, அதை வேறு யார் மேலாவது தள்ளிவிட வேண்டும்போல் இருந்தது.

"ஏந்தாயி, ஆளாளுக்கு என்னயவே பாக்குறானுக," என்றார். "அடுப்பு எரியலன்னா நான்தான் போகணுமா? நானா அடுப்பு பத்த வைக்கேன்? பத்த வைக்கிறவ நீயி. நீ போனாலும்தான் அடுப்பு எரியாது."

சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் சங்கடமாகி, காப்பியை ஊதினார். சங்கரேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் முதலில் விசாரிக்க வேண்டியது அதைப் பற்றவைக்கிற ஆளைத்தான். அத்தனை பேர் வந்தார்கள், அளந்தார்கள், அல்வா கொடுத்தார்கள், தோள்வலிக்காரன் தன்னைத் தானே எண்ணிக்கொண்டான், பைக் ஓட்டுகிறவனை அவள் எண்ணினாள், அவள் ஒருத்தியை மட்டும் யாரும் எண்ணவில்லை. அவளே எண்ணவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்தோடு உட்கார்ந்து பூண்டு டப்பாவைக் குலுக்கினாள், குலுக்கக் குலுக்க ஒன்று தோன்றியது. சட்டி சொன்னது ஒரே சங்கதிதான், நாளைக்கு அடுப்பு எரியாது. ஏன் எரியாது என்று சட்டி சொல்லவில்லை, அந்த இடத்தில் சாவைக் கொண்டுவந்து வைத்தது லைன்தான். சட்டி சொன்னது மாறப்போவதில்லை. நாளைக்கு அவள் மூன்று அடுப்போடும் தீப்பெட்டிக் கட்டோடும் போய் நின்றால், அடுப்பு எரியாமல் இருப்பதற்கு யாராவது சாக வேண்டியிருக்கும். அவள் பற்றவைக்கவே போகாவிட்டால் சட்டியின் வாக்கு சும்மாவே பலித்துவிடும், அதற்காக ஒருவர் உயிரை விட வேண்டிய அவசியம் இல்லை. அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். அதைத் திறந்து பார்க்கவும் இல்லை.

சனிக்கிழமை முதல் சங்கு ஊதி ஓய்ந்தபோது குருவையா அடுப்படிக்கு வந்தான். சிலிண்டர் மூடியிருந்தது. தீப்பெட்டிக் கட்டு பிரிக்காமல் இருந்தது. அடுப்பு மேல் சட்டியும் பானையும் மூடியபடி இருந்தன, அவற்றைத் திறந்து பார்க்கும் துணிச்சல் அவனுக்கு இல்லை. சங்கரேஸ்வரி அடுப்புக்குக் குறுக்கே தரையில் பாயை விரித்து, தலையணை வைத்துப் படுத்திருந்தாள்.

"இன்னுமா பத்த வைக்கல?" என்றான்.

"பத்த வைக்க மாட்டேன்," என்றாள் அவள். "அடுப்பு எரியாதுன்னுதான் சட்டி சொல்லுச்சு, ஆளு சாகும்னு சொல்லல. நான் பத்த வைக்காம படுத்துக் கெடந்தா அது சொன்னது நடந்துரும். ஒருத்தரும் சாக வேண்டியதில்ல. பொழுது அடையிற வரைக்கும் யாரும் இதத் தொடாதீக, என்னயும் எழுப்பாதீக."

குருவையா அதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் போட்டுச் சவைத்தான். "அப்ப சோறு?" என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் வாசலுக்குப் போய் லைனிடம் சொன்னான். லைன் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தது. ஆண்களில் சிலர் இது சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாக்கு என்றார்கள். யூனியன்காரர் யோசித்துவிட்டு, வாதத்தில் ஓட்டை இல்லை என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் சொல்வது சரியென்று தெரியாதபோது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே மேல் என்று எல்லோரும் வாசலில் உட்கார்ந்தார்கள். பஞ்சவர்ணம் கொடுத்த இட்லியை மூன்று ஆண்களும் தின்றார்கள். சோலையப்பனுக்கு மூச்சு வருகிறதா என்று அடிக்கடி பார்த்தார்கள், அவருக்கு மூச்சோடு வசவும் வந்துகொண்டிருந்தது. குருவையாவை நடக்க விடவில்லை. அழகுராஜை வாசற்படி தாண்ட விடவில்லை. உள்ளே சங்கரேஸ்வரி தூங்கினாள். வெயில் ஜன்னல் வழியாக வந்து அவள் காலைத் தொட்டு, இடுப்புக்கு ஏறி, சுவருக்குப் போனது. கூட்டமாக உட்கார்ந்தவர்கள் பேசிய பேச்சிலும் ஒருவன் கைதவறிச் செம்பைப் போட்டதிலும் அவள் அசையவில்லை, அத்தனை வருஷத் தூக்கம்.

இரண்டாம் ஷிப்டு சங்கு ஊதியது, அதற்கும் அவள் அசையவில்லை. அப்போதுதான் அழகுராஜ் அடுப்படியை எட்டிப் பார்த்தான். அம்மா மல்லாந்து கிடந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது, உதட்டோரத்தில் ஒரு ஈ. அந்த வீட்டில் யாரும் அவளைப் பகலில் கண் மூடிப் பார்த்ததில்லை. காலை நீட்டி அவள் படுத்துப் பார்த்ததில்லை. பார்த்திராத ஒன்றைப் பார்த்தவன் தனக்குத் தெரிந்த ஒரே பெயரை அதற்கு வைத்து, அப்பா என்று அலறினான். லைன் எழுந்து ஓடிவந்தது. அடுப்படி வாசலில் நின்று பார்த்த அத்தனை பேருக்கும் அதே பெயர்தான் தோன்றியது. குருவையா அவள் தலைமாட்டில் விழுந்து நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே," என்று அழுதான். "திங்கக்கெழம எனக்கு மொத ஷிப்டே, யாரு எந்திரிச்சுக் கட்டிக் குடுப்பா? வெங்காயத்த எதுல ஊறப்போடுவ, பூண்ட எதுல குலுக்குவ, ஒண்ணும் எனக்குத் தெரியாதே. யாருகிட்டப் போயி கேப்பேன்."

அந்த அழுகை கிணற்றுக்கு மேலிருந்து கேட்பதுபோல் சங்கரேஸ்வரிக்குக் கேட்டது. விழித்துவிட்டாள். கண்ணைத் திறக்கவில்லை, இன்னும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் மறுபடியும் வெங்காயத்திலிருந்து தொடங்கினான். அவளுக்கு வலித்தது. அவன் அழுகையில் பொய்யே இல்லை என்பதால் கூடுதலாக வலித்தது.

கட்டிலிலிருந்து தள்ளாடி வந்த சோலையப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். தான் தப்பித்துவிட்ட நிம்மதியும், இந்த வயசில் இப்படி ஒரு நிம்மதி வந்துவிட்டதே என்ற வெட்கமும் அவர் முகத்தில் சேர்ந்து தெரிந்தன. அழுவது இருக்கட்டும், முதலில் சட்டியைத் திறந்து பாருங்கள் என்றார். நாளைக்குச் சோறு இருந்தால் இவள் இருக்கிறாள், இல்லாவிட்டால் இல்லை, இதற்கு எதற்கு இவ்வளவு கூச்சல் என்றார். அழுகை நின்றது. அழகுராஜ் அம்மாவைத் தாண்டிப் போய்க் கண்ணை இறுக்கிக்கொண்டு மூடியைத் தூக்கினான். ஆவி வந்தது. பூண்டுக்குழம்பு. பானை நிறையச் சோறு.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். நாளைக்குச் சமைக்கிறாள், அப்படியானால் உயிரோடு இருக்கிறாள், அதற்கு மேல் ஒரு அத்தாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. மூக்கில் விரல் வைத்துப் பார்க்கவோ தோளைத் தொட்டு உசுப்பவோ ஒருவருக்கும் தோன்றவில்லை. பயந்து அழுததில் மூன்று பேருக்கும் பசி கிளம்பியிருந்தது, தட்டு வந்தது, சோறு விழுந்தது, அவள் தலைமாட்டிலேயே வட்டமாக உட்கார்ந்து பிசைந்தார்கள். குருவையா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் முதல் உருண்டையை வாயில் வைத்தான்.

மென்றான். நிறுத்தினான். கடுகு பொரியாமல் பல்லில் நறநறத்தது. பூண்டு தோலோடு கிடந்தது. புளி ஊறாமல் கட்டியாய் நாக்கைப் பிடித்தது, உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. அழகுராஜும் நிறுத்தினான். சோலையப்பன் வாயில் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மகனைப் பார்த்தார்.

"இது அவ கை இல்ல," என்றான் குருவையா.

நாளைக்குச் சோறு இருக்கிறது, ஆனால் நாளைக்குச் சமைப்பவள் அவள் இல்லை. குருவையா எச்சில் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, முட்டி போட்டுத் தவழ்ந்து வந்து, மற்ற கையின் விரலை அவள் மூக்குக்குக் கீழே கொண்டுபோனான். விரல் அங்கேயே நின்றது. சூடாகக் காற்று வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது. அவன் பொத்தென்று தரையில் உட்கார்ந்தான். இந்த முறை அழுதபோது வெங்காயமும் பூண்டும் அதில் இல்லை, வெறும் அழுகை மட்டும் இருந்தது.

சங்கரேஸ்வரி கண்ணைத் திறந்தாள். வாசனையிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எண்ணெய் காயுமுன் கடுகைப் போட்ட பச்சை வாடை. தட்டுகளையும் மூன்று முகங்களையும் மெதுவாகப் பார்த்தாள்.

"நல்லாத் தூங்குனேன்," என்றாள். "இன்னும் தூக்கம் வருது. நாளைக்கும் எந்திரிக்கப் போறதில்ல போலருக்கு. தின்னாச்சுல்ல, அத யாரு சமைக்கிறதுன்னு உங்களுக்குள்ளயே பேசி முடிவு பண்ணிக்கோங்க."

சட்டி சொன்னது மாறியதில்லை என்பது மூவருக்கும் தெரியும். அப்பனும் மகனும் பேரனும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் பஞ்சவர்ணம் பிள்ளைகளை அதட்டி அந்தப் பக்கம் அனுப்பினாள், மற்ற பெண்கள் அவரவர் வீட்டு ஆண்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் வெகுநேரம் சத்தமில்லை. அப்புறம் குருவையா தட்டைத் தரையில் உரசாமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்தான்.

"புளி எவ்வளவு நேரம் ஊறணும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நாளைக்குன்னா இப்பவே போடணும்," என்று சொல்லிவிட்டுச் சங்கரேஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் தலையை ஆட்டினான். நாளைக் காலையில்தான் போடுவான் என்று அவளுக்குத் தெரியும், குழம்பு ஏற்கனவே சொல்லியிருந்தது.